வீட்டிலிருந்தே எஸ்.பி.எம்.: குறைந்த நேரத்தில் நிறைவாகப் படிப்பது எப்படி?



படிவம் ஐந்து மாணவருக்குப் பள்ளிக்கூடம் பாடத்தை மட்டும் தருவதில்லை; நேரத்தையும் பிரித்துத் தருகிறது. மணி அடித்தால் கணிதம், மீண்டும் அடித்தால் வரலாறு. எதை எப்போது படிப்பது என்று நாம் யோசிக்க வேண்டியதே இல்லை. வீட்டிலிருந்து படிக்க நேரும்போதுதான் அந்த மணியின் அருமை தெரிகிறது.

வீட்டிலிருந்து தேர்வுக்குப் படிப்போர் நம்மிடையே குறைவல்லர். பள்ளியை விட்டபின் தனிப்பட்ட முறையில் தேர்வுக்குப் பதிந்துகொண்டவர்கள், மலாய்மொழியையோ வரலாற்றையோ மறுபடி எழுதுபவர்கள், பள்ளி முடிந்ததும் வேலைக்கு ஓடுபவர்கள், நோயினால் சில மாதங்கள் படுக்கையில் கிடந்தவர்கள், ஆண்டிறுதி வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறியவர்கள் எனப் பலர் உள்ளனர். இவர்கள் அனைவருக்கும் சிக்கல் ஒன்றுதான். பாடத்திட்டம் முழு அளவில் இருக்கிறது. கையிலுள்ள நேரமோ பாதிதான்.

இந்தச் சிக்கலில் நானும் ஓராண்டு இருந்தேன். அதில் சரியாக அமைந்தவற்றையும், நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் உங்களுக்குப் பயன்படும் வகையில் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

லூமுட்டில் 2020

என் ஊர் லூமுட். பங்கோர் தீவுக்குப் படகு ஏறும் ஊர் என்றால் பலருக்கும் தெரியும். 2020 சனவரி 1 முதல் பங்கோர் தீர்வையற்ற தீவானது. சுற்றுப்பயணிகள் கூடுவார்கள் என்ற நம்பிக்கையில், படகுத்துறைக்கு அருகில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த என் அப்பா புதிதாக இரண்டு மேசைகள் வாங்கிப் போட்டார். மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கடை மூடப்பட்டது. மேசைகள் வீட்டுக்கு வந்தன. அவற்றில் ஒன்றுதான் எஸ்.பி.எம். முடியும்வரை எனக்குப் படிப்பு மேசை.

அந்த ஆண்டு நடந்ததை இங்கே சுருக்கமாக நினைவுபடுத்துவது நல்லது. ஏப்ரல் 15-ஆம் நாள், யு.பி.எஸ்.ஆர்., பி.தி.3 ஆகிய இரு தேர்வுகளும் அவ்வாண்டுக்கு ரத்து செய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எஸ்.பி.எம். மட்டும் ரத்தாகவில்லை, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தேர்வு வகுப்பு மாணவர்கள் சூன் 24-ஆம் நாள் பள்ளிக்குத் திரும்பினோம். தொற்று மீண்டும் கூடியதால் நவம்பர் 9 முதல் பள்ளிகள் மறுபடி மூடப்பட்டன. 2021 சனவரி 20-ஆம் நாள் எங்களுக்காகத் திறந்தன. பிப்ரவரி 22-இல் தொடங்கிய எழுத்துத் தேர்வு மார்ச் 25-இல் முடிந்தது. முடிவுகள் சூன் 10-ஆம் நாள் வந்தன.

கணக்கிட்டுப் பாருங்கள். முதல் அடைப்பு 14 வாரம். இரண்டாவது ஏறத்தாழ 10 வாரம். இடையில் வந்த விடுமுறைகளையும் சேர்த்தால், ஐந்து மாதங்களுக்கு மேல் வீடே பள்ளி. நாடு முழுவதும் ஏறத்தாழ 4 லட்சம் மாணவர்கள் அந்தத் தேர்வுக்குப் பதிந்திருந்தார்கள். நான் பட்ட பாடு எனக்கு மட்டும் வந்ததன்று.

முதல் பாடம்: இருக்கும் நேரத்தை எண்ணுங்கள்

பள்ளி மூடிய முதல் வாரத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? பள்ளி அட்டவணையை அப்படியே வெள்ளைத் தாளில் எழுதி, வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டினேன். காலை எட்டு மணி முதல் பிற்பகல் மூன்று மணிவரை படிப்பு. அது ஒன்பது நாள்தான் தாங்கியது.

காரணம் எளிது. கடை மூடியபின் அப்பா வீட்டிலேயே நாசி லெமாக் கட்டி விற்கத் தொடங்கினார். விடியற்காலை ஐந்து முதல் எட்டுவரை அம்மாவுக்குத் துணையாக நான் இலையில் கட்ட வேண்டும். பிறகு, படிவம் ஒன்றில் இருந்த தம்பிக்குப் புலனத்தில் பாடம் வரும். வீட்டில் நல்ல கைப்பேசி ஒன்றுதான். அதில்தான் அப்பாவுக்கு வாடிக்கையாளர்கள் சொல்லும் கணக்கும் வரும். எட்டு மணிக்கு மேசையில் அமர்வேன் என்று சுவரில் எழுதியது நடவாத காரியம். ஒவ்வொரு நாளும் அட்டவணையில் தோற்றுப்போனதால், படிப்பிலேயே தோற்றுவிட்டதாகத் தோன்ற ஆரம்பித்தது.

பிறகு வேறு விதமாகச் செய்தேன். ஒரு வாரம் முழுக்க எந்தத் திட்டமும் போடாமல், உண்மையில் எந்த நேரம் எனக்குக் கிடைக்கிறது என்பதை மட்டும் குறித்தேன். காலை 9.00 முதல் 10.30, மாலை 3.00 முதல் 4.30, இரவு 9.00 முதல் 10.30. ஆக நான்கரை மணி நேரம். அதற்குமேல் எப்போதாவது கிடைத்தால் அது இலாபம்.

ஒவ்வொரு ஒன்றரை மணி நேரத்தையும் 40 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் ஓய்வு, மீண்டும் 40 நிமிடம் படிப்பு என்று பிரித்தேன். ஒரு நாளில் ஆறு பாடவேளை. ஆறு நாளில் 36 பாடவேளை. மணிக்கணக்கு 24. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, அல்லது விட்டுப்போனதைப் பிடிக்கும் நாள்.

முப்பத்தாறு என்ற எண் முதலில் பயமுறுத்தியது. பத்துப் பாடங்களுக்கு இது எப்படிப் போதும்? ஆனால் எண்ணிக்கை தெரிந்தவுடன் ஒரு நன்மை விளைந்தது. எதை முதலில் படிப்பது என்று முடிவு செய்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தது.

இரண்டாம் பாடம்: எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு வேண்டாம்

எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம். மற்றப் பாடங்களில் எத்தனை 'ஏ' எடுத்தாலும் இவ்விரண்டில் ஒன்று தவறினால் சான்றிதழ் இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் தெரிந்த செய்தி அட்டவணைக்குள் வந்திருக்கிறதா என்பதே கேள்வி.

என் அத்தை மகன் ஒருவர் கணக்கியலில் கெட்டிக்காரர். பிடித்த பாடத்தையே நாள் முழுக்கப் படித்தார். வரலாற்றைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். முடிவு வந்தபோது வரலாற்றில் தேறவில்லை. மறுதேர்வு எழுதித் தேறும்வரை அவருடைய நல்ல மதிப்பெண்கள் எதற்கும் உதவவில்லை. நேரம் குறைவாக இருக்கும்போது பிடித்த பாடம் மற்றப் பாடங்களின் நேரத்தைத் தின்றுவிடும் என்பதை அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என்னுடைய 36 பாடவேளைகளை நான் பிரித்த விதம் இது: மலாய்மொழி 6, வரலாறு 6, கணிதம் 6, ஆங்கிலம் 4, கணக்கியல் 4, அறிவியல் 3, வணிகவியல் 2, தமிழ்மொழி 2, தமிழ் இலக்கியம் 2, நன்னெறிக் கல்வி 1. இதை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. நீங்கள் பிரிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்பாடத்தில் தவறினால் சான்றிதழ் போய்விடுமா? நான் அடுத்துச் சேர விரும்பும் படிப்புக்கு இப்பாடம் கேட்கப்படுமா? கடைசியாக எழுதிய சோதனையில் எனக்குக் கிடைத்தது என்ன? மூன்றாவது கேள்விக்கு மனத்தில் நினைத்ததைச் சொல்லாமல், விடைத்தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் பாடம்: நூலை மூடிவிட்டு எழுதுங்கள்

நேரம் குறைந்தால் வேகமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு பாடத்தை மூன்று முறை வாசித்து, மஞ்சள் மையால் கோடிட்டு முடித்தால் படித்துவிட்டதாகத் திருப்தி வருகிறது. அந்தத் திருப்தி நம்பத்தக்கதன்று.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தனர். இன்னொரு பகுதியை ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை வாசித்ததில் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. இருமுறை வாசித்ததில் 42 விழுக்காடு. எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடு.

தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே எழுதிப் பார்ப்பதே நமக்கு ஏற்றது. 2013-இல் ஜான் டன்லாஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் அதிகப் பயன் தரும் முறைகள் என்றனர். கோடிடுவதையும் மீண்டும் மீண்டும் வாசிப்பதையும் குறைந்த பயனுள்ளவற்றில் சேர்த்தனர்.

ஒரு பாடவேளையை இப்படிப் பயன்படுத்தலாம். முதல் 15 நிமிடம் கவனமாக வாசியுங்கள். நூலை மூடுங்கள். அடுத்த 15 நிமிடம் வெறுந்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். வாக்கியம் அழகாக அமைய வேண்டியதில்லை. பெயர், ஆண்டு, காரணம், விளைவு ஆகியவை வந்தால் போதும். கடைசி 10 நிமிடம் நூலைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேருங்கள். அடுத்த முறை அந்தச் சிவப்பு எழுத்தை மட்டும் பார்த்தால் போதும்.

முதல் சில நாள் இது மனச்சோர்வைத் தரும். தாளில் பாதிகூட நிரம்பாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நிரம்பாத இடம் எது என்று தேர்வறையில் தெரிவதைவிட, வீட்டு மேசையில் தெரிவது எவ்வளவோ மேல்.

இம்முறைக்கு இணையம் வேண்டாம், கருவி வேண்டாம். 1990-க்குப் பின் யாழ்ப்பாணத்தில் போர் காரணமாக மின்சாரம் இல்லாத ஆண்டுகள் இருந்தன. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கின் வெளிச்சத்தில் உயர்தரத் தேர்வுக்குப் படித்தவர்கள் நம் மொழி பேசும் மாணவர்கள். எண்ணெய் தீருமுன் படித்தாக வேண்டும் என்ற அவர்களுடைய நிலையை நினைத்தால், ஒரு தாளும் ஒரு பேனாவும் குறைந்த கருவிகளாகத் தெரியவில்லை.

நான்காம் பாடம்: ஒருநாள் விட்டு ஒருநாள்

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் உளவியலாளர் அல்லர், என் பாட்டி. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று பழகியவர் என்பதால், இன்றும் நாலரை மணிக்கு மேல் அவருக்குத் தூக்கம் வராது.

ஒரு வாரம் முழுக்க வரலாறு, அடுத்த வாரம் முழுக்கக் கணிதம் என்று நான் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. போன வாரம் படித்தது நினைவில்லை என்று புலம்பினேன். இலை துடைத்துக்கொண்டிருந்த பாட்டி சொன்னார்: "ஏம்மா, ஒரே மரத்தத் தெனமும் வெட்டுனா பால் வருமா? பட்டை காஞ்சு போயிரும். இன்னிக்கு இந்த நிரை, நாளைக்கு அந்த நிரை. மறாநாளு திரும்ப வந்து பாரு, மங்கு நெறையும்."

ரப்பர்த் தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை பரவலாக இருந்ததற்குக் காரணம் அதுதான். வெட்டிய மரத்தில் பால் மீண்டும் ஊற அவகாசம் வேண்டும். விடியலில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும். நேரம் தவறினால் எவ்வளவு உழைத்தாலும் வாளி நிறையாது.

மூளை மரமன்று என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பாட்டி சொன்னபடியே செய்து பார்த்தேன். திங்கட்கிழமை படித்ததைப் புதன்கிழமை நூலைத் திறக்காமல் எழுதிப் பார்ப்பது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும். பிறகு ஒரு மாதம் கழித்து ஒரு முறை. இரண்டாம் முறைக்கு 20 நிமிடம் போதும், மூன்றாம் முறைக்கு 10 நிமிடம் போதும். கொஞ்சம் மறக்கத் தொடங்கும் நேரத்தில் முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதுதான் நினைவை வலுப்படுத்துகிறது. இடைவெளி விட்டுப் படிப்பதன் பயன் இதுவே. ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் வரலாறு படிப்பதைவிட, அதே நான்கு மணி நேரத்தை ஆறு நாளில் பிரித்துப் படிப்பது மிகுந்த பலன் தரும்.

உங்கள் தலை தெளிவாக இருக்கும் நேரம் எது என்று பாருங்கள். கடினமான பாடத்தை அங்கே வையுங்கள். எனக்கு அது காலை ஒன்பது மணி. இரவு ஒன்பதரைக்கு மேல் கணிதம் போட்டால் கூட்டலே பிழையாகும். ஆகவே இரவில் நன்னெறி, வணிகவியல், சொல் மனனம் ஆகியவற்றை வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் பாடம்: கடிகாரத்தோடு பழகுங்கள்

வீட்டில் படிப்பவருக்கு வரும் பெரிய இழப்பு தேர்வறைப் பழக்கம். மேசையில் தண்ணீர் இருக்கும், அம்மா கூப்பிடுவார், எழுந்து போய் வருவோம். ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் எடுத்தோம் என்பது தெரியாது.

இப்போதைய வடிவத்தில் வரலாறு முதல் தாளில் 40 கேள்விகளுக்கு ஒரு மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். கணிதம் முதல் தாளில் 40 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு கேள்விக்கு இரண்டே கால் நிமிடம். இந்த அளவு கைக்குப் பழகியிருக்க வேண்டும். முழுத் தாளுக்கு நேரமில்லாத நாளில் பத்துக் கேள்வியை எடுத்து, வரலாறு என்றால் 15 நிமிடத்தில் முடிக்கப் பாருங்கள். வாரம் ஒரு முறையாவது முழுத் தாளையும் எழுந்திருக்காமல் எழுதுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாங்கள் 2021 தொடக்கத்தில் எழுதியது பழைய பாடத்திட்டத்தின் கடைசித் தேர்வு. 2021-ஆம் ஆண்டுக்கான தேர்விலிருந்து புதிய கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டமும் புதிய தாள் அமைப்பும் நடப்புக்கு வந்தன. அண்ணன், அக்காள் கொடுத்த பழைய பயிற்சி நூல்களைப் பயன்படுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். அந்நூல்களிலுள்ள பாடப்பகுதியும் தாள் வடிவமும் உங்களுடையவற்றோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். முதலில் ஆண்டைப் பாருங்கள்.

ஆறாம் பாடம்: தமிழை வெட்டாதீர்கள்

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

2020 நவம்பரில் பள்ளி இரண்டாம் முறை மூடியபோது எனக்கு அச்சம் வந்தது. தேர்வுக்கு மூன்றரை மாதம்தான் இருந்தது. வரலாற்றில் சிவப்பு எழுத்து குறையவே இல்லை. எதையாவது வெட்ட வேண்டும் என்று நினைத்தேன். தமிழ் இலக்கியத்தை வெட்டினேன். நாவல் பாதியில் நின்றது. வாரத்தில் இரண்டு பாடவேளை, 80 நிமிடம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அதை வரலாற்றுக்கும் மலாய்மொழிக்கும் தருவதாகத் திட்டம்.

நான் முடித்த பாடவேளைகளை ஒரு சிறு குறிப்பேட்டில் கோடு போட்டுக் குறித்து வந்தேன். தேர்வெல்லாம் முடிந்த பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். நவம்பருக்கு முன்பு வரலாற்றுக்கு வாரம் ஐந்து அல்லது ஆறு கோடு. நவம்பருக்குப் பின்பும் அதே ஐந்து அல்லது ஆறு. மலாய்மொழிக்கும் அப்படியே. இலக்கியத்திலிருந்து எடுத்த 80 நிமிடம் எந்தப் பாடத்துக்கும் போய்ச் சேரவில்லை. பள்ளி திறக்கும்வரையிலான பத்து வாரத்தில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. பெரும்பாலும் கைப்பேசியில்தான் போயிருக்கும்.

இலக்கியத் தாளை நான் எழுதவில்லை. தேர்வன்று வீட்டில் இருந்தேன். இன்று பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும்போது, மற்றவர்கள் பதினேழு வயதில் படித்ததை நான் இருபது வயதுக்கு மேல் படிக்கிறேன். எனக்கு அந்தப் பாடத்தைத் தொடங்கிவைத்த ஆசிரியர் சனிக்கிழமைகளில் ஊதியமின்றி வகுப்பு எடுத்தவர். அவரிடம் விலகுவதாகச் சொல்லக்கூட எனக்குத் துணிவு இல்லை. புலனத்தில் வந்த அவருடைய குறிப்புகளைத் திறந்து பார்க்காமலேயே விட்டுவிட்டேன்.

தமிழும் தமிழ் இலக்கியமும் எஸ்.பி.எம். தேர்வில் நமக்கு எளிதாகக் கிடைத்த இடங்கள் அல்ல. 2010 முதல் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்று 2009-இல் அறிவிக்கப்பட்டபோது, நம் சமூகத்து அமைப்புகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் குரல் கொடுத்தார்கள். அதன் பிறகே கூடுதலாக இரண்டு பாடங்களை எடுக்க வழி பிறந்தது. அந்த வழி திறந்திருப்பது மட்டும் போதாது. அதில் நடந்துபோக மாணவர்கள் வேண்டும். தமிழாசிரியராக விரும்புவோருக்கு எஸ்.பி.எம். தமிழ்மொழித் தேர்ச்சி தேவை என்பதையும் மறவாதீர்கள்.

குறைந்த நேரத்தில் தமிழை எப்படி வைத்துக்கொள்வது? தமிழ்மொழிக்கு வாரம் இரண்டு பாடவேளை போதும், ஒழுங்காகச் செய்தால். ஒன்றில் ஒரு கட்டுரைக்குக் குறிப்புச் சட்டகம் மட்டும் எழுதுங்கள். முன்னுரைப் பத்தியையும் ஒரு கருத்துப் பத்தியையும் விரித்து எழுதினால் போதும். மாதம் ஒருமுறை முழுக் கட்டுரை. இன்னொன்றில் இலக்கணமும் மொழியணியும். பத்து எடுத்துக்காட்டுகளை நூலைப் பார்க்காமல் எழுதுவது. கருத்துணர்தலுக்குத் தனி நேரம் வேண்டாம். நாளிதழின் ஞாயிறு பதிப்பில் ஒரு கட்டுரையை எடுத்து, நீங்களே நான்கு கேள்வி தயாரித்து விடை எழுதிப் பாருங்கள்.

இலக்கியத்துக்கும் இரண்டு பாடவேளை. நாவலை ஒரே மூச்சில் படிக்க நினைத்துத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நானும் அப்படியே செய்தேன். ஒரு பாடவேளைக்கு ஓர் இயல் போதும். படித்து முடித்ததும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, யார் எப்படி நடந்துகொண்டார், எழுத்தாளர் எதைக் காட்ட விரும்புகிறார். கவிதையை இரவு நேரத்தில் வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டி, பொருளை உங்கள் சொல்லில் விளக்குங்கள். பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் தேர்வாளருக்கும் புரியும்.

ஒரே கைப்பேசி உள்ள வீடுகளுக்கு

2020 ஏப்ரலில் கல்வி அமைச்சு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. அந்நிலையை ஈடுசெய்ய, ஏப்ரல் 6 முதல் தொலைக்காட்சியில் கல்வி நிகழ்ச்சிகள் ஒளியேறின. டிடிக் டிவி என்ற தனி அலைவரிசை 2021 பிப்ரவரி 17-இல் தொடங்கியது. எங்கள் தேர்வுக்கு அப்போது ஐந்தே நாள் இருந்தது. ஆக, உதவி வரும் என்று காத்திருந்தால் தேர்வு முந்திக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் கைப்பேசிக்கும் ஓர் அட்டவணை போட்டோம். இரவு பத்தரைக்கு மேல் அது என்னுடையது. அன்றைய பாடக் குறிப்புகளையும் கேள்விகளையும் தாளில் பார்த்து எழுதிக்கொள்வேன். மறுநாள் படிப்பு முழுக்கத் தாளிலேயே நடக்கும். இதனால் இரு நன்மைகள். தம்பிக்குத் தடங்கல் இல்லை. படிக்கும் நேரத்தில் கைப்பேசி என் கையில் இல்லை.

விளங்காத கேள்விகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எண்ணிட்டு எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை ஆசிரியரை அழைத்து ஐந்து கேள்விகளை ஒன்றாகக் கேளுங்கள். "எனக்கு ஒன்றும் புரியவில்லை, டீச்சர்" என்று சொன்னால் அவரால் உதவ முடியாது. "இந்தக் கணக்கில் மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடுவார்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வீட்டில் இருக்கும் பிள்ளை சும்மா இருக்கிறது என்று எண்ணி வேலை சொல்வது இயல்புதான். எங்கள் வீட்டிலும் அது நடந்தது. படிக்கும் மூன்று நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். அந்த நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிடுவதில்லை. மற்ற நேரத்தில் நானும் முகம் சுளிப்பதில்லை. இந்த உடன்பாடு இல்லாமல் எந்த அட்டவணையும் நிற்காது.

செய்து பாருங்கள்

இந்த வாரமே தொடங்க விரும்புவோருக்கு:

1. ஏழு நாள், உண்மையில் உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தை மட்டும் குறியுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள்.

2. அதை 40 நிமிடப் பாடவேளைகளாக்கி மொத்தத்தை எண்ணுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத வேலைகளுக்காக ஒதுக்கிவிடுங்கள்.

3. மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் முதலில் இடம் ஒதுக்குங்கள். அடுத்து, மேற்படிப்புக்குத் தேவையானவை. தமிழுக்குக் குறைந்தது இரண்டு பாடவேளை.

4. ஒவ்வொரு பாடவேளையிலும் பாதி நேரமாவது நூல் மூடியிருக்க வேண்டும்.

5. முடித்த பாடவேளைக்கு ஒரு கோடு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோடுகளை எண்ணுங்கள். ஒரு பாடத்தை விட்டுவிடலாம் என்று தோன்றினால், அந்த நேரம் எங்கே போகும் என்பதை எழுதி வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கோடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

நிறைவாக

அன்று படிவம் ஒன்றில் இருந்த என் தம்பி, 2025 தொடக்கத்தில் எஸ்.பி.எம். எழுதினான். அவனுக்குப் பள்ளி திறந்தே இருந்தது. ஆனாலும் மாலையில் அப்பாவின் கடையில் அவனுக்கு வேலை. கிடைத்தது நாளுக்கு மூன்று மணி நேரம்தான். தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, "அக்கா, இலக்கியத்த விட்டுறவா?" என்று கேட்டான். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் பழைய குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்து, நவம்பருக்கு முன்னும் பின்னும் உள்ள கோடுகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

அவன் இலக்கியத் தாளை எழுதினான். பி+ கிடைத்தது. அந்த மேசையும் மறுபடி கடைக்குப் போய்விட்டது.

தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கையர் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.